உப்புத் தண்ணீர் ஊரில் கோடைத் தோட்டம்: சொட்டுக்குழாயா, புதைத்த பானையா?

மதுரையில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் கோடையில் தண்ணீரின் அளவைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். தண்ணீரின் தரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. என் பார்வையில் சித்திரை வெயிலில் வாடுகிற செடிகளில் பாதிக்கு மேல் உப்பால்தான் வாடுகின்றன.

போர் தண்ணீர் கீழே போகப் போக உப்பு கூடும். நாம் ஊற்றும் தண்ணீரில் வெயில் குடிப்பது தண்ணீரை மட்டும்தான். உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதும், இலை ஓரம் கருகிக்கொண்டே வருவதும் அதனால்தான். அதைத் தாகம் என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு கூடிக்கொண்டே போகும். நம் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 85 செ.மீ. மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கிடைக்கிறது. 2016இல் நடந்ததுபோல வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டால், மண்ணைக் கழுவ ஆளே இல்லாமல் அடுத்த கோடைக்குள் போகிறோம். ஆகவே எந்த முறையை எடுத்தாலும் அது உப்பை எப்படிச் சமாளிக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சொட்டுநீரின் பலம் எல்லாருக்கும் தெரியும். ஐம்பது அறுபது தொட்டி இருக்கும் மாடியில் ஒரு வால்வைத் திறந்தால் வேலை முடிந்தது. ஊருக்குப் போனாலும் டைமர் பார்த்துக்கொள்ளும். மாநகராட்சிக் குழாயில் வைகைத் தண்ணீர் தாராளமாக வரும் தெருவாக இருந்தால் யோசிக்காமல் இதையே போடலாம். போர் தண்ணீர் என்றால்தான் சிக்கல். சுண்ணாம்பு படிந்து, தண்ணீர் சொட்டும் முனையான டிரிப்பர் அடைத்துக்கொள்ளும். வரிசையில் நடுவில் ஒன்று மட்டும் அடைத்தால் கண்ணுக்குத் தெரியாது, செடி தொங்கிய பிறகுதான் தெரியும். எலுமிச்சை உப்பு கரைத்த நீரிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும். ஆனால் கோடை முழுக்க அந்த வேலை நிற்காது.

விற்பவர்கள் சொல்லாத இன்னொன்று அழுத்தம். பத்தடி உயரத்தில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி தரும் அழுத்தம் சுமார் 0.3 பார். டிரிப்பர்கள் பலவும் 1 பார் அளவை வைத்துச் செய்யப்பட்டவை. தோட்டமும் தொட்டியும் ஒரே மாடியில் இருந்தால் அந்தப் பத்தடிகூடக் கிடைக்காது. முன்வரிசைச் செடி நனையும், கடைசி வரிசை காயும். சின்ன மோட்டார் வைத்தால் தீரும், செலவும் கூடும்.

பானைக்கு இந்த அழுத்தத் தொல்லை இல்லை. மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட வேண்டியதுதான். சுற்றியுள்ள மண் காய்ந்தால் பானைச் சுவர் வழியே நீரை இழுக்கும். ஈரமாக இருந்தால் இழுக்காது. மேல்மண் நனையாததால் ஆவியாவதும் குறைவு, களையும் குறைவு. வேர் இருக்கும் இடத்தில் ஈரம் விட்டு விட்டு வராமல் ஒரே சீராக நிற்பதால், உப்புத் தண்ணீரைக்கூடச் செடி ஓரளவு தாங்கிக்கொள்கிறது. பானையின் பக்கம் நான் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். மல்லிகைப் புதரின் தூரருகே ஒன்றைப் புதைத்துவிட்டுச் சில மாதம் கழித்து மண்ணை விலக்கிப் பாருங்கள். வேர் பானையைக் கட்டிப்பிடித்திருக்கும். கத்தரி, தக்காளி, பாகல், புடல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மண்ணையும் வெயிலையும் பொறுத்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும்.

விளாச்சேரியிலோ மானாமதுரையிலோ வாங்கும்போது வர்ணம் அடித்த பானை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்கியதும் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெளிப்புறம் வியர்த்தால்தான் நமக்கு உதவும். மூடி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவை வளர்த்தவர்கள் ஆவோம். பானையும் ஒருநாள் உப்பால் அடைத்துக்கொள்ளும். ஆனால் நிரப்பியது நாலு நாளாகியும் குறையவில்லை என்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தோண்டித் தேய்த்துக் கழுவலாம், முடியாவிட்டால் மாற்றலாம். சின்ன குரோ பேக்கில் பானை வைத்தால் வேருக்கே இடம் இருக்காது; அங்கே சின்னக் கலயம் போதும். முருங்கை மாதிரி மரத்தடியில் வேண்டாம், வேர் உடைத்துவிடும்.

ஆகத் தரையில் பாத்தி இருப்பவர்களுக்குப் பானை, நல்ல தண்ணீரும் நிறையத் தொட்டிகளும் இருப்பவர்களுக்குச் சொட்டுக்குழாய். மண்ணைச் சருகால் மூடிவைக்கும் மூடாக்கு இந்தப் போட்டியில் சேராது, இரண்டுக்கும் அது வேண்டும். வாழைச் சருகு, கரும்புச் சோகை, தேங்காய் மட்டை, எது கிடைக்கிறதோ அதை மூன்று விரல் கனத்துக்குப் போடுங்கள். தேங்காய் நார்க்கழிவு போடுவதானால் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள், அதிலும் உப்பு உண்டு.

வீட்டில் மிஞ்சும் தண்ணீரில் எதை ஊற்றலாம் என்பதிலும் இதே கணக்குதான். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பே கிடையாது என்று சொல்லலாம். தொட்டிச் செடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கோடையில் கிடைக்காது. அரிசி கழுவிய நீர் கறிவேப்பிலைக்கு. துணி துவைத்ததில் சோப்பு நுரைத்த முதல் தண்ணீரை விட்டுவிடுங்கள், அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். கடைசி அலசல் நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லிப் பலரும் சொல்கிறார்கள், மனது வருத்தமாக இருக்கிறது. குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு மொத்தமும் அதில்தான் வருகிறது. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தென்னை தாங்கும், பீன்ஸ் செடி தாங்கவே தாங்காது.

கோடை மழையை எதிர்பார்த்து டிரம் வாங்குவது சரியா என்பது அடுத்த கேள்வி. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் கணக்குப்படி 930 லிட்டர். சிந்தியதும் தரை உறிஞ்சியதும் போக எழுநூறு லிட்டராவது தேறும். 200 லிட்டர் டிரம் மூன்று நிரம்பிவிடும். பத்துத் தொட்டிக்குப் பல வாரம் வரும், உப்பில்லாத தண்ணீர். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு டிரம்தான் வழி. சொந்த வீடு என்றால் டிரம்மில் நிறுத்தாதீர்கள். 2003இல் சட்டமாகி எல்லா வீட்டிலும் கட்டிய மழைநீர்க் குழி பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. அதைத் தூர்வாரிக் கூழாங்கல்லை அலசிப் போட்டால் போருக்கே நல்ல நீர் இறங்கும். இரண்டுக்கும் முதல் பத்து நிமிட மழையை, மாடித் தூசியோடு வருவதால், வெளியே விட்டுவிட வேண்டும்.

மேகம் கூடினால் இன்னொரு வேலை இருக்கிறது. நிழல்வலைக்குள் இருக்கும் தொட்டிகளை வெட்டவெளிக்கு நகர்த்துங்கள். அடியில் உள்ள துளைகளை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். தொட்டியில் விழுகிற மழை அடியால் வழிந்தோடினால்தான், இத்தனை மாதம் நாம் ஊற்றிச் சேர்த்த உப்பு அதனோடு வெளியேறும்.