காத்திருக்கும் மனைவியா, காலி செய்யாத ஆவியா?

ஆட்ரி நிஃபெனெக்கரின் ‘தி டைம் டிராவலர்ஸ் வைஃப்’ (2003) நாவலை மூன்று முறை படித்தவன் நான். அடுத்த நாவலான ‘ஹெர் ஃபியர்ஃபுல் சிமெட்ரி’ (2009) பேய்க்கதை என்றதும் ஆசையோடு கொஞ்சம் கலக்கமும் வந்தது. கலக்கம் வீண்போகவில்லை.

முதல் நாவலில் நாம் நம்ப வேண்டிய அதிசயம் ஒன்றே ஒன்றுதான்: ஹென்றிக்குக் காலம் தாவ வைக்கும் மரபணுக் கோளாறு. எப்போது போவான், எங்கே போய் விழுவான், எதுவும் அவன் கையில் இல்லை. உடுத்திய துணிகூட கூட வராது. சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் வேலை பார்ப்பவன், புத்தக அடுக்குகளுக்கு நடுவே அம்மணமாக வந்து நிற்பான்! சிரித்து முடிப்பதற்குள் வயிற்றைப் பிசையும். அந்த விதியை ஆசிரியர் கடைசிவரை தளர்த்துவதில்லை. அவன் மனைவி கிளேரின் காத்திருப்பு அவ்வளவு கனப்பது அதனால்தான்.

பேய் நாவலில் எல்ஸ்பெத் ரத்தப் புற்றுநோயில் இறக்கிறாள். லண்டன் ஃபிளாட்டை அமெரிக்காவிலுள்ள தன் இரட்டைச் சகோதரியின் இரட்டை மகள்களுக்கு எழுதி வைக்கிறாள். ஒரு வருடம் அவர்கள் அங்கே வாழ வேண்டும். பெற்றோர் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. எல்ஸ்பெத் மட்டும் வீட்டைக் காலி செய்வதாக இல்லை. ஆவியாகி மேசை இழுப்பறைக்குள் சுருண்டு கிடக்கிறாள், மெல்ல மெல்ல தூசியில் எழுதப் பழகுகிறாள். அதுவரை அற்புதம். அப்புறம் கதைக்கு எந்தச் சக்தி வேண்டுமோ அது அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. கூடப்பிறந்தவளிடமிருந்து விடுபட, அந்த இரட்டை மகள்களில் ஒருத்தியான வாலண்டினா போடும் திட்டத்தை என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

சரி, இடத்தைப் பொறுத்தவரை பேய் நாவலுக்குத்தான் வெற்றி. ஜன்னலைத் திறந்தால் 1839இல் திறக்கப்பட்ட ஹைகேட் கல்லறைத் தோட்டம். நிஃபெனெக்கர் அங்கே வழிகாட்டியாகவே இருந்தவர். ஈரமும் கொடிகளும் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்கின்றன.

ஆனால் மனதில் நின்றது பேயல்ல, மாடி வீட்டு மார்ட்டின். குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பவர். ஜன்னலெல்லாம் செய்தித்தாள் ஒட்டி, தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வாசல்படி தாண்ட முடியாமல் கிடக்கிறார். மனைவியோ பொறுத்தது போதும் என்று ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விடுகிறாள். ஹென்றியால் ஓரிடத்தில் நிற்க முடியாது. இவரால் ஓரடி நகர முடியாது. நான் விரும்பிய பழைய நிஃபெனெக்கர் இங்கேதான் இருக்கிறார், கிளைக்கதையில்!

நண்பருக்கு ஒன்றுதான் தர முடியும் என்றால் முதல் நாவலைத் தருவேன். இரண்டாவது என்னிடமே இருக்கட்டும்; மார்ட்டின் வரும் அத்தியாயங்களை அவ்வப்போது புரட்ட வேண்டியிருக்கிறது.