பெரிய கேம்பர் வாங்கறவங்களே, எடைச் சீட்டைப் பாக்காம பாக்கிப் பணத்தைக் குடுக்காதீங்க

காருக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போயி உள்ளயே படுத்துக்கற வண்டிதான் கேம்பர். அதைக் கட்டிக் குடுத்து எங்களை ஏமாத்தின பட்டறை பேரை யாரும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கேஸ் போட்டிருக்கோம். அதுவுமில்லாம, பேர் சொன்னா அந்த ஒரு பட்டறைக்கு மட்டும்தான் போகாம இருப்பீங்க. இதே வேலையை இன்னொருத்தன் வேற போர்டு மாட்டிப் பண்ணிக்கிட்டு இருப்பான்.

எங்களுக்குப் பல்லடம் பக்கம், தறி ஓட்டறோம். மூணு வருஷமா ஒரு டியர்டிராப் ட்ரெய்லர் வெச்சிருந்தோம். கண்ணீர்த் துளியைப் படுக்க வெச்ச மாதிரி முன்னால உருண்டு பின்னால சரிஞ்சு இருக்குமே, அதுதான். அமெரிக்காவுல 1930கள்ல அவங்கவங்க ஊட்டுலயே கட்டிக்க ஆரம்பிச்ச வடிவம். எங்களுது அஞ்சடி அகலம், எட்டடி நீளம். உள்ள ஒரு மெத்தை, அவ்வளவுதான். பின்மூடியைத் தூக்கினா அடுப்பும் அஞ்சறைப் பெட்டியும் இருக்கும். மக அதுக்குக் குட்டின்னு பேர் வெச்சா. ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு இழுத்துட்டுப் போயிருக்கோம். பொலிரோவுக்குப் பின்னால ஒண்ணு வருதுங்கறதே மறந்து போகும்.

ரெண்டாவதா பையன் பொறந்ததும் எடம் பத்தல. மழை வந்தா நாலு பேரும் மடங்கிப் படுத்துக்கிட்டு கூரையைப் பாக்கணும். அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிஞ்சு உள்ள போகவே முடியாது. "நின்னு சேலை கட்டற மாதிரி ஒண்ணு இருந்தா நானும் வருவேன்"னு ஊட்டுல சொன்னா. நியாயந்தானே.

வீடியோ பாத்துத்தான் பட்டறையைப் புடிச்சேன். 13 அடி நீளம், உள்ள நிக்க ஆறேகாலடி உயரம். கொட்டேஷன்ல என்னென்ன எழுதியிருந்துதுன்னா: எடை 800 கிலோவுக்குள்ள, 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி, 710 மெரைன் பிளைவுட், பிரேக் வெச்ச புது ஆக்ஸில் (ரெண்டு வீலையும் கோக்கற தண்டு), 120 லிட்டர் தண்ணி டேங்க். வெலை 6,80,000. குட்டியை 1,10,000க்கு எடுத்துக்கிட்டாங்க. அட்வான்ஸ் 3,00,000 குடுத்தேன். ரெண்டு மாசம்னாங்க, அஞ்சு மாசம் ஆச்சு. அது பரவால்லீங்க, பாடி கட்டற வேலைன்னாலே அப்படித்தான்.

பொழுது எறங்கின பொறவுதான் வண்டியைக் காட்டினாங்க. இப்ப யோசிச்சா அதுவே ஒரு வேலைத்தனம். உள்ள வரிசையா எல்இடி எரியுது, புது மெத்தை வாசம், பசங்க ரெண்டும் மேல ஏறிக் குதிக்குது. அம்மா நிமிந்து உள்ள நடந்து போனாங்க. நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அய்யன், அதான் எங்கப்பா, மட்டும் உள்ளயே வரல. வண்டியைச் சுத்தி வந்தாரு. காருல மாட்டறதுக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்கற கப்ளரைப் புடிச்சாரு, ஒத்தைக் கையில தூக்கிட்டாரு. அவருக்கு எழுபத்திரண்டு வயசு. "ஏங்கண்ணு, பின்பாரமா இருக்குதே. மாட்டு வண்டியா இருந்தா நுகத்தடி மேல தூக்கிக்கும்"னாரு. பட்டறைக்காரர் சிரிச்சுட்டாரு. "அய்யா, இது மாட்டு வண்டி இல்லீங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணுனதுங்க." நானும் சேந்து சிரிச்சேன். பாக்கி 2,70,000ஐ அங்கயே நின்னு போன்ல அனுப்பிவிட்டேன். போன பணத்தைக் காட்டியும் அந்தச் சிரிப்புத்தான் இன்னும் உறுத்துது.

மொதல் பயணம் ஆடி மாசம், அமராவதி அணைக்கு. பல்லடத்துல இருந்து உடுமலை ரோட்டைப் புடிச்சா நேரா தெக்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்க இருந்து வர்ற மேகாத்து அப்படியே வலது கைப் பக்கம் அறையும். அங்க கரண்டு எடுக்கற காத்தாடி அத்தனை சும்மாவா நட்டு வெச்சிருக்காங்க? குட்டி அஞ்சடி உயரம்தான், காரோட முதுகுக்குப் பின்னாலயே ஒளிஞ்சுக்கும், காத்து வழுக்கிட்டுப் போயிரும். இது 13 அடிக்குத் தட்டைச் சுவர். குடிமங்கலத்துக்குப் பக்கத்துல ஒரு லாரி எதுக்க வந்து தாண்டிச்சு. வால் லேசா ஆடுச்சு. ரெண்டாவது ஆட்டம் பெருசு. மூணாவது ஆட்டத்துல பொலிரோவோட பின்பக்கத்தையே அது இழுத்து ஆட்டுது, ஸ்டீயரிங் என்ற கையில இல்ல. வேகம் எழுபதுதான். பிரேக்கை அமுக்கினா காரும் ட்ரெய்லரும் அப்படியே மடங்கியிருக்கும். ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேரா புடிச்சுக்கிட்டேன், தானா வேகம் கொறஞ்சு நின்னுச்சு. பின்சீட்டுல அம்மா கண்ணைத் தொறக்கவே இல்ல. அணைக்குப் போகல. முப்பதுல உருட்டிக்கிட்டு ஊடு வந்து சேந்தோம்.

அடுத்த நாள் கோழித் தீவன மில்லுக்குப் பக்கத்துல இருக்கற எடை மேடைக்கு ஓட்டிட்டுப் போனேன். மக்காச்சோள லோடு லாரிங்களுக்கு நடுவுல, காரைக் கழட்டி விட்டுட்டு ட்ரெய்லரை மட்டும் ஏத்தினேன். பயணச் சாமானோட 1,390 கிலோ. எல்லாத்தையும் எறக்கி, டேங்க் தண்ணியை வடிச்ச பொறவும் 1,210. எழுதிக் குடுத்தது 800.

திரும்ப டேங்கை ரொப்பி சாமானை ஏத்தி, தறிக்கூடத்துல நூல் மூட்டை எடை போடற மெஷின் மேல கப்ளரை எறக்கிப் பாத்தேன். 38 கிலோ. மொத்த எடையில நூத்துக்குப் பத்துல இருந்து பதினஞ்சு வரைக்கும் முன்பாரமா காரு மேல உக்காரணும். எங்க வண்டிக்குக் கொறைஞ்சது 139 வேணும். அது இல்லைன்னா வால் ஆடத்தான் செய்யும், எவ்வளவு நல்ல டிரைவரா இருந்தாலும். அய்யன் ஒத்தைக் கையில கண்டுபுடிச்சது இதைத்தான்.

ஏன் இவ்வளவு பின்பாரம்னு தேடினப்பதான் ஒவ்வொண்ணா வெளிய வந்துது. தண்ணி டேங்க் ஆக்ஸிலுக்குப் பின்னால. பேட்டரியும் பின்னால, பசங்க படுக்கற கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டிக்குள்ள, மூடியை ஸ்க்ரூ போட்டு அடைச்சிருந்தாங்க. தொறந்தா ஆசிட் வாசம். லித்தியம் 100 ஆம்பியர் பேட்டரின்னா பன்னெண்டு பதிமூணு கிலோ, கடைக்குப் போற பை மாதிரி தூக்கலாம். இதைத் தூக்க எனக்கும் மச்சானுக்கும் மூச்சு வாங்கிச்சு. ஊட்டு இன்வர்ட்டருக்குப் போடற பழைய டியூபுலர் பேட்டரி, மேல புது ஸ்டிக்கர். சார்ஜ் ஏறறப்ப அதுல இருந்து தீப்புடிக்கற ஹைட்ரஜன் வாயு வரும். அது போக வழியில்லாத பெட்டி, அதுக்கு மேல என்ற கொழந்தைங்க. எடை, பணம் எல்லாத்தையும் மன்னிச்சாலும் இதை மன்னிக்க மாட்டேன்.

தெரிஞ்ச மெக்கானிக் வந்து வீலைக் கழட்டினாரு. பிரேக் டிரம் இருந்துது. உள்ள பிரேக் புடிக்கற லைனிங் இல்ல, ஒண்ணுமே இல்ல, சட்டி கவுத்தி வெச்ச மாதிரி. டயர் பக்கவாட்டுல 2317ன்னு இருந்துது. 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். கருப்பு பாலிஷ் போட்டு மின்ன வெச்சிருந்தாங்க. நீங்க எந்த வண்டி வாங்கினாலும் அந்த நாலு எண்ணைக் குனிஞ்சு பாருங்க, நேரம் ஆகாது.

பிளைவுட் கதை சிரிப்புத்தான் வரும். ஐஎஸ் 710ங்கற இந்தியத் தர ரகம்னா 72 மணி நேரம் கொதிதண்ணியில போட்டாலும் ஒட்டு விடக் கூடாது, சோதனையே அதுதான். ஜன்னலுக்கு அடியில உப்பியிருந்த எடத்துல ஒரு துண்டை அறுத்து, இட்லிச் சட்டியில போட்டு அடுப்பு மேல வெச்சேன். ஒரு மணி நேரத்துல பழைய பஞ்சாங்கம் மாதிரி ஏடு ஏடா பிரிஞ்சு மெதந்துது. இட்லிச் சட்டிக்காக ஊட்டுல வாங்கின திட்டு தனி.

இன்னொண்ணு, ஆர்சி. சட்டத்துல மோட்டார் வாகனம்னாலே ட்ரெய்லரும் சேத்திதான், அதுக்குன்னு தனிப் பதிவு வேணும். குட்டிக்கு இருந்துது. "பேப்பரெல்லாம் நாங்க பாத்துக்கறோங்ணா"ன்னு ஒரு நம்பர் பிளேட்டை மாட்டி அனுப்பிச்சாங்க. அரசாங்க ஆப்ல அந்த நம்பரைப் போட்டுப் பாத்தா டிராக்டர் ட்ரெய்லர்னு வருது. அன்னிக்கு ரோட்டுல யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா இன்சூரன்ஸ்காரன் ஒரு ரூபா குடுத்திருப்பானா?

போன் பண்ணினேன். "நீங்க ஓவர் ஸ்பீடு போயிருப்பீங்ணா." எடைச் சீட்டை அனுப்பினேன். "அந்த மேடை தப்பா காட்டும்." பேட்டரி போட்டோவை அனுப்பினதுக்கு அப்பறம் போனே எடுக்கல.

1915ங்கற நுகர்வோர் உதவி நம்பர்ல புகார் பதிஞ்சேன், அதுல ஒண்ணும் நகரல. திருப்பூர் நுகர்வோர் ஆணையத்துல போட்டிருக்கேன். பட்டறை எந்த மாவட்டமா இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம். அஞ்சு லட்சத்துக்கு மேல பத்து லட்சம் வரைக்கும் குடுத்த பொருளுக்கு ஃபீஸ் 200 ரூபாதான். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். எனக்கு உதவினது மூணு காகிதம்: கையெழுத்து போட்ட கொட்டேஷன், பேங்க் வழியா போன பணம், எடைச் சீட்டு. கொட்டேஷன்ல எடை எழுதாதவன்கிட்ட வண்டி கட்டாதீங்க. பாக்கிப் பணத்தை எடை மேடையில வெச்சுக் குடுங்க, பகல்ல. முன்பாரத்தையும் தனியா நிறுத்துப் பாருங்க. உள்ளலங்காரத்தை அப்பறம் ரசிச்சுக்கலாம், அது எங்கயும் ஓடிப் போகாது.

குட்டியை போன மாசம் அவிநாசி ரோட்டோரமா பாத்தேன். டீக்கடை ஆயிருக்கு. அதே பின்மூடியைத் தூக்கி வெச்சு, எங்க அஞ்சறைப் பெட்டி இருந்த எடத்துல பன் பாக்கெட் அடுக்கியிருக்கு. ஒரு டீ குடிச்சேன். என்ற வண்டிதான்னு சொல்லல.

பெரிய வண்டி இப்ப தோட்டத்துல சாளை வீட்டுக்குப் பக்கத்துல நிக்குது. ஆணையத்துல கேக்கறப்ப காட்டணும்னு எதையும் மாத்தல, பேட்டரியை மட்டும் கழட்டி வெச்சுட்டோம். மத்தியானத்துல அய்யன் அதுலதான் படுக்கறாரு. படுக்கறதுக்கு முன்னால கப்ளர் மேல ரெண்டு டிஏபி உர மூட்டையைத் தூக்கி வெச்சுக்கறாரு.