லண்டனில் ஜான் சோன் வீடு: வெயில் அடிக்கும் நாளில் போங்கள்

லண்டன் ஹோபர்ன் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கம். அங்கே 12, 13, 14 எண் வீடுகளை 1792 முதல் ஒவ்வொன்றாக வாங்கி இடித்துக் கட்டியவர் ஜான் சோன், கொத்தனார் மகனாகப் பிறந்து பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கே ஆர்க்கிடெக்ட் ஆனவர். இன்று அது மியூசியம், கட்டணம் கிடையாது.

எல்லோரும் பழங்கால எகிப்து மன்னன் சேத்தியின் கல் சவப்பெட்டியைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள். பிரிட்டிஷ் மியூசியம் விலை அதிகம் என்று விட்டுவிட்டதை 1824இல் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கி, பின்சுவரை உடைத்து உள்ளே இறக்கினாராம். பாருங்கள், ஆனால் எனக்கு அந்த வீட்டின் வெளிச்சம்தான் பெரிய விஷயம். வரிசை வீட்டில் இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், பின்னால் இருந்த இடத்தையும் கட்டிவிட்டார், அப்புறம் வெளிச்சத்துக்கு வானம்தானே வழி? காலைச் சாப்பாட்டு அறையில் தாழ்வான குவிமாடம் விரித்த குடை மாதிரி நிற்கிறது. அதன் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட இடைவெளி வழியாக மேலிருந்து வெளிச்சம் சுவரில் வழிகிறது, மூலைகளில் இருக்கும் புடைத்த சின்ன முகக்கண்ணாடிகள் அதை அறை முழுக்கத் தெறிக்க விடுகின்றன. சில கூரைகளில் மஞ்சள் கண்ணாடி, மழைக்கால லண்டனிலும் இத்தாலி வெயில் தெரிய வேண்டுமென்று. அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

ஓவிய அறையைத் தவறவிடாதீர்கள். சுவரே கதவு போலத் திறக்கிறது, உள்ளே இன்னொரு வரிசை ஓவியங்கள், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஹோகார்த் வரைந்த எட்டுப் படத் தொடரும் அங்கேதான். ஊழியர்கள் திறக்கும்வரை காத்திருங்கள்.

புதன் முதல் ஞாயிறு வரை திறந்திருக்கும். ஒரே நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், அதனால் வரிசை. வழிகள் குறுகல், பெரிய பையோடு போகாதீர்கள். பொருள்களுக்குப் பக்கத்தில் பெயர்ச்சீட்டு அவ்வளவாக இல்லை, அது எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது, ஊழியர்களைக் கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

ஒரு கதையைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1815இல் மகன் ஜார்ஜ் பெயர் போடாமல் பத்திரிகையில் அப்பாவின் கட்டடங்களைத் திட்டி எழுதினான், அதே ஆண்டு அம்மா இறந்துபோனார், அவன்தான் காரணம் என்று சோன் கடைசிவரை நம்பினார். 1833இல் பார்லிமென்டில் தனிச்சட்டம் போட வைத்து, இருந்தது இருந்தபடியே வீட்டை நாட்டுக்கு எழுதிவைத்தார். 1837இல் அந்த வீட்டிலேயே இறந்தார்.