"கிரான் புதன்கிழமை வந்துரும்" என்றார், 4,800 வெள்ளி போனது

பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் வாங்கி, சொந்தமாகப் பழுதுபார்த்து ஓட்டலாம் என்றிருக்கும் சுங்கை சிப்புட் வட்டாரத் தம்பிமார்களே, முதலில் இதைப் படியுங்கள். என் 4,800 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்பின்னாக இருக்கலாம்.

கடையின் பெயரைப் போடவில்லை. டவுனில் பழைய மோட்டார் வாங்கி விற்கிற கடை. ஆர்எக்ஸ்இசட் இப்போது புதிதாக வருவதில்லை, நல்ல வண்டிக்குக் கேட்கிற விலை நமக்குக் கட்டாது. அதனால்தான் பாதி ஓடுகிற வண்டியை வாங்கி, சம்பளம் வரும்போதெல்லாம் சாமான் போட்டு எழுப்புகிறோம். நானும் தம்பியும் ஓவர்டைம் செய்து சேர்த்த காசு அது.

கடைக்காரர் எந்தத் தோட்டம் என்று கேட்டார். அப்பா பெயரைக் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்து, "உங்கப்பாவும் நானும் ஒரே பெரட்டுக்குப் போனவங்க தம்பி" என்றார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைச் சொன்னார். பையனை அனுப்பி தே தாரிக் வாங்கி வரச் சொன்னார். அப்பா இறந்தபோது வர முடியாமல் போனதற்கு வருத்தப்பட்டார். அதற்கப்புறம் அவரை எப்படிச் சந்தேகப்படுவது? கிரானின், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தின், நகலைக் காட்டினார். சேசிஸ் எண் சரியாக இருந்தது. இஞ்சின் எண் இருக்கும் இடத்தில் புதுக் கறுப்புச் சாயம். "துரு ஏறக்கூடாதுன்னு அடிச்சேன் தம்பி. அசல் கிரான் ஈப்போவுல கூட்டாளிகிட்ட இருக்கு, புதன்கிழமை வந்துரும். ஜேபிஜே போய்க் கைரேகை வெச்சுப் பேர் மாத்திக்கலாம்." ஜேபிஜே என்றால் சாலைப் போக்குவரத்து இலாகா. 4,800 வெள்ளியையும் எண்ணிக் கொடுத்தேன். முத்திரை இல்லாத ஒரு துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் ஸ்டார்ட் செய்தால் ஒரே வெள்ளைப் புகை. கிராங்க் சீல் போய், கியர் எண்ணெயை இஞ்சின் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை விடுங்கள், பழைய டூ ஸ்ட்ரோக்கில் அந்த வேலை வரத்தான் செய்யும். தின்னர் போட்டுச் சாயத்தைத் துடைத்ததும்தான் வயிறு எரிந்தது. பழைய எண்ணை ராவிவிட்டு வேறு எண் குத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, கிரான் நகலோடும் ஒத்துப்போகவில்லை. இந்த வண்டியை என் பெயருக்கு எப்படி மாற்றுவது? திருட்டு இஞ்சின் என்றால் போலீஸ் என்னைத்தானே கேட்கும்?

புதன்கிழமை கூப்பிட்டேன். "கூட்டாளி வெளியூர்ல இருக்காரு." அடுத்த வாரம், "ஜேபிஜேவுல சிஸ்டம் டவுனாம்." அப்புறம் போனைப் பையன் எடுத்தான், முதலாளி இல்லையாம். பின்னால் அவர் இருமுவது எனக்குக் கேட்டது. நேரில் போய் நின்றேன். தம்பி என்ற வார்த்தையே வரவில்லை. "பாத்துத்தானே வாங்குன? அது என் வண்டியே இல்ல, கூட்டாளியோடது. நான் சும்மா காட்டிவிட்டேன்."

இதை அவர் தெரிந்தேதான் சொல்கிறார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம், ஆனால் வியாபாரி மேல்தான் வழக்குப் போட முடியும். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றதாக ஆக்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. விடமாட்டேன். போலீஸ் புகார் கொடுத்தாயிற்று, மன்றத்துக்கும் போகிறேன். 4,800 வெள்ளி, இரண்டு பேருடைய உழைப்பு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அசல் கிரான் கையில் இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். இஞ்சின் எண் மேல் சாயமோ கிரீஸோ இருந்தால் அங்கேயே துடைக்கச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். காசை ஜேபிஜே கவுண்டரில் பெயர் மாறும்போது கொடுங்கள். ரசீதில் கடை முத்திரையும் வண்டி எண்ணும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியதை அழித்துவிடாதீர்கள்.

இதே கடையில் கிரானுக்குக் காத்திருப்பவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.