செருப்பு மிஞ்சியதால்தான் எங்களைத் தேடி வந்தார்கள்

எங்களை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போன டைவிங் கடையின் பெயரைப் போடச் சொல்லி இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். போடவில்லை. நம் கிழக்குக் கரையில் ஸ்கூபா டைவிங் கூட்டிப்போகிற கடைகளே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், ஊர்ப் பெயரைச் சொன்னாலே கடையைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவர்களை மாட்டிவிட இதை எழுதவில்லை. நீங்கள் எந்த ஊரில் பணம் கட்டினாலும் படகில் கால் வைக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் எல்லாவற்றையும் பார்த்தேன், படகைத் தவிர.

போன மார்ச் மாதம். நானும் என் மச்சானும் போனோம். எனக்கு நாற்பது டைவுக்கு மேல் அனுபவம், அந்தமானில் கற்றுக்கொண்டது. அவனுக்கு அது ஏழாவது டைவ். ஆளுக்கு 6,500 ரூபாய், இரண்டு டைவ், 'பாதுகாப்புக் கருவிகள் உட்பட'. ரசீதில் காப்பீடு என்று தனியாக 250 ரூபாய் போட்டிருந்தார்கள். நான் சிலிண்டரில் காற்று எவ்வளவு என்று பார்த்தேன், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டரை மூச்சிழுத்துப் பார்த்தேன், மாஸ்க் பட்டையை இழுத்துப் பார்த்தேன். கற்றுக்கொடுத்ததை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன்.

வாடகைக்குக் கொடுத்த பிசிடி, அதாவது காற்றை நிரப்பி மிதக்க உதவுகிற ஜாக்கெட்டில் விசில் இருக்க வேண்டிய இடத்தில் அறுந்த நூல் தொங்கியது. கேட்டேன். "கைடுகிட்ட இருக்கு சார்." எஸ்எம்பி? அதாவது மேலே வரும்போது காற்றடித்து நிமிர்த்திக் காட்டுகிற ஆரஞ்சு நிறக் குழாய். "அதுவும் கைடுகிட்ட." என்னுடைய சொந்த எஸ்எம்பி வீட்டு அலமாரியில் கிடந்தது. பைக்கில் போகிறோம், பை கனக்கும் என்று எடுத்துவைத்தது நான்தான். இதில் கடையைக் குறை சொல்ல முடியாது.

படகில் டைவர்கள் ஒன்பது பேர். ஆறு பேர் முதன்முறை இறங்குபவர்கள், அவர்களுக்கு இரண்டு பயிற்றுநர். நாங்கள் இருவரும் எங்கள் கைடும் தனி அணி. கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர். நங்கூரம் போட்டார்கள். ஒரு பையன் அட்டையில் செருகிய தாளில் பெயர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் குதிக்கும்போதும் டிக் போட்டான். குதிக்கும்போது ஒரு டிக், ஏறும்போது இன்னொன்று என்று இரண்டு கட்டம் இருக்க வேண்டும். அந்தத் தாளில் ஒரே கட்டம்தான். இதைக் கரைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

9.10-க்கு இறங்கினோம். கீழே ஆறேழு மீட்டருக்கு மேல் கண் தெரியவில்லை, நீரோட்டம் வேறு இழுத்தது. திரும்பி நங்கூரக் கயிற்றுக்கு வந்து அதைப் பிடித்து ஏறுவதுதான் முறை. கைடு கயிற்றைத் தவறவிட்டார். பரவாயில்லை, உடம்பில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று 9.52-க்கு மேலே வந்தோம்.

படகு இல்லை.

முதலில் சிரித்தோம், உண்மையாகத்தான். அலைக்குப் பின்னால் இருக்கும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கண் இருந்தால் தொடுவானம் இரண்டு கிலோமீட்டர்கூட வராது. கரை தெரியவில்லை. அலை தூக்கும்போது ஒரு கோபுரத்தின் நுனி மட்டும் தெரிந்து மறைந்தது. படகிலிருந்து தேடுகிறவனுக்கும் நம்மைக் கண்டுபிடிப்பது லேசில்லை. அலையடிக்கிற கடலில் மிதக்கிற மனிதத் தலை, சில நூறு மீட்டர் தள்ளி ஒரு தேங்காய்.

கைடு எஸ்எம்பியை எடுத்தார். ஒரு மீட்டர்கூட இல்லை, வெயிலில் வெளுத்து ஆரஞ்சு சந்தன நிறமாகியிருந்தது. வால்வு கிடையாது, கீழே வாய் திறந்த ரகம். ஊதி நிமிர்த்தினால் கையை எடுத்ததும் காற்று போய் முறிந்த வாழைத்தண்டு மாதிரி சாய்ந்தது. அடிப்பக்கத்தை முறுக்கி, தண்ணீருக்குள் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். முறை வைத்துப் பிடித்தோம். விசிலும் ஒன்றுதான் இருந்தது.

அரை மணி நேரத்தில் ஒரு ஃபைபர் படகு வந்தது. எங்களை நோக்கியேதான் வந்தது. மச்சான் கத்தினான், கைடு விசிலடித்தார். முந்நூறு நானூறு மீட்டர் இருக்கும்போது அழகாக வளைந்து விலகிப் போய்விட்டது. அந்த வளைவு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிற படகில் இருப்பவர் காதில் விசில் விழாது, அது புரிந்தது. ஆனால் எதற்காக விலகினார்கள்? பதில் பிறகு கிடைத்தது.

"மாமா, அக்காகிட்ட என்ன சொல்லுவோம்?" என்று மச்சான் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி, இடுப்பு எடையைக் கழற்றிப் போட்டு, மூவரும் கை கோத்துக்கொண்டோம். மாஸ்க்கைக் கழற்ற விடவில்லை, அலை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அந்தக் கோபுரத்தைப் பார்த்து நீந்தலாம் என்றான். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது இருக்கிற தெம்பையும் தொலைக்கிற வேலை. வெதுவெதுப்பான தண்ணீர்தான், இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் அவனுக்குத் தாடை நடுங்க ஆரம்பித்தது.

11.40-க்கு இன்னொரு ஃபைபர் படகு. இந்த முறை நான் எஸ்எம்பியை நிமிர்த்திப் பிடிக்காமல் இப்படியும் அப்படியுமாகத் தண்ணீரில் அடித்தேன். படகில் இருந்த பெரியவர் எங்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "வலைக்கொடின்னுல்ல நெனச்சேன் தம்பி. கொடி எங்கியாவது ஆளு மாதிரி கை ஆட்டுமா, அதான் வந்தேன்."

அப்போதுதான் உறைத்தது. நம் கடலில் தண்ணீருக்கு மேல் எது நிமிர்ந்து நின்றாலும் அது வலைக்கொடி, கீழே வலை கிடக்கிறது என்பதற்கான அடையாளம். கொடியைப் பார்த்தால் நல்ல மீனவர் விலகித்தான் போவார், அடுத்தவர் வலையை அறுக்க மாட்டார். முதல் படகு செய்தது மரியாதை. எந்த டைவிங் வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நம் பக்கம் டைவ் செய்கிறவர்கள் எஸ்எம்பியை நிறுத்தி மட்டும் வைக்காதீர்கள், ஆட்டுங்கள்.

பெரியவர் தூக்குவாளியில் இருந்த நீராகாரத்தை ஊற்றிக் கொடுத்தார். "தெண்டி இந்த இழுப்பு இழுக்குது, இதுல எவன் உங்கள எறக்கி உட்டான்?" என்றார். தெற்கிலிருந்து வடக்கே போகிற நீரோட்டத்துக்கு அவர்கள் சொல்கிற பெயர் தெண்டி. கைடு இறங்கிய இடத்தின் குறியைச் சொன்னார், பெரியவர் தன் ஜிபிஎஸ்ஸில் போட்டுப் பார்த்தார். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வடக்கே வந்திருந்தோம்.

கரைக்கு வந்தபோது மணி 12.30. கடை ஆள் ஒருவரும் இல்லை. அவர்கள் படகு 1.10-க்கு வந்தது. நடந்தது இதுதான். முதன்முறை இறங்கியவர்களில் ஒரு பெண் வாந்தியெடுத்து மயங்கிவிட்டார். 9.40-க்குத் தாளைப் பார்த்தார்கள், ஒன்பது டிக். நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வந்து, கூடையிலிருந்து செருப்புகளை எடுத்துக் கொடுக்கும்போது மூன்று ஜோடி மிஞ்சியது. அந்த மூன்று ஜோடி செருப்பு இல்லையென்றால் எங்களை எப்போது நினைத்திருப்பார்கள் என்று தெரியாது.

1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டு படகு கரைக்குத் திரும்பியது. இரண்டு நாள் கழித்து, படகில் கிடந்த அவர்களுடைய பையைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதன் பிறகுதான் குவீன்ஸ்லாந்தில் ஆளெண்ணும் விதிகளை இறுக்கினார்கள். 2004 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஒருவர் கடலில் மிதந்துகொண்டிருக்க, படகிலிருந்த பட்டியலில் அவர் ஏறிவிட்டதாக டிக் இருந்தது. வழியாக வந்த பாய்மரக் கப்பலில் இருந்த சாரணச் சிறுவர்கள் கண்ணில் பட்டதால் பிழைத்தார். 2010-இல் நடுவர் குழு அவருக்கு 16.8 லட்சம் டாலர் நஷ்ட ஈடு தரச் சொன்னது. 2022 ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் பக்கம் நாலு பேர் மேலே வந்தபோது படகு இல்லை. பயிற்றுநர் மறுநாள் கிடைத்தார், இருவர் இரண்டரை நாள் கழித்து. 14 வயதுப் பையன் பிழைக்கவில்லை. இதையெல்லாம் நான் வீட்டுக்கு வந்து, தூக்கம் வராமல் படித்தேன். 

எனக்கு ஆறாத கோபம் டிக் போட்ட பையன் மேல் இல்லை. செருப்பைப் பார்த்தபோது மணி 10.20. அந்த நிமிடமே கடலோரக் காவல் படையின் 1554-ஐ அழைத்திருக்க வேண்டும், கட்டணமில்லா எண். தமிழ்நாட்டுக் கடலோரக் காவல் குழுமத்தின் 1093-ம் இருக்கிறது. துறைமுகத்து வாசலில் செல்போனில் சிக்னல் இருந்தது. அழைக்கவில்லை. "பிரச்சன ஆயிடும் சார், நாமளே கண்டுபிடிச்சிடலாம்னு பாத்தோம்" என்றார் உரிமையாளர். படகில் விஎச்எஃப் வயர்லெஸ் இல்லை. இருந்திருந்தால் 16-ஆம் சேனலில் ஒரு வார்த்தை போதும், பக்கத்தில் வயர்லெஸ் வைத்திருக்கிற படகுக்கெல்லாம் கேட்டிருக்கும். 11 மணிக்குக் குறிக்குத் திரும்பி வந்தவர்கள் அங்கேயே வட்டமடித்திருக்கிறார்கள். அதற்குள் நாங்கள் இரண்டரை கிலோமீட்டர் போயிருப்போம். நீரோட்டம் போகிற திசையில் தேட வேண்டும் என்பது மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். படகை ஓட்டியவர் மீனவர் இல்லை, உரிமையாளரின் சொந்தக்காரர்.

காப்பீட்டு பாலிசி எண்ணைக் கேட்டேன். அனுப்புகிறேன் என்றார். இரண்டு இலவச டைவ் தருகிறேன், ரிவ்யூ மட்டும் போடாதீர்கள் என்றார். 13,000 ரூபாயை மூன்று வாரம் கழித்துத் திருப்பினார். பாலிசி எண் இன்றுவரை வரவில்லை. அப்படி ஒரு பாலிசி இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இப்போது நான் கேட்கிற கேள்விகள் வேறு. ஏறும்போது யார் எண்ணுவது, எதை வைத்து? பெயரைக் கூப்பிட்டு, அவரவர் வாயால் பதில் வர வேண்டும். அடுத்தவருக்காக ஒருவர் கை தூக்கக் கூடாது. நாங்கள் கீழே இருக்கும்போது படகில் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் உண்டா, அல்லது தூண்டில் போட்டுக்கொண்டிருப்பாரா? நீரோட்டம் இருந்தால் படகுக்குப் பின்னால் மிதவை கட்டிய கயிறு விடுவார்களா? இத்தனை நிமிடத்தில் ஆள் மேலே வராவிட்டால் என்ன செய்வது என்று முடிவு செய்திருக்கிறார்களா? முகம் சுளித்தால் அந்தப் படகில் ஏறுவதில்லை. போன மாதம் ஒரு கடையில் சுளித்தார்கள், திரும்பிவிட்டேன்.

கருவி விஷயத்தில் என் அபிப்பிராயம், காசு பெரிதாகத் தேவையில்லை. 1.8 மீட்டர் உயர எஸ்எம்பி, மூடிய ரகம், வாயால் ஊதினால் வால்வு பிடித்துக்கொள்ள வேண்டும். கூடவே நூல் சுற்றிய ஸ்பூல், அப்போதுதான் 5 மீட்டரிலிருந்தே மேலே அனுப்பலாம். ஒரு சின்ன டார்ச். ஒரு கண்ணாடி. பழைய சிடி இருந்தால் அதுவும் போதும். ஒரு கையை நீட்டி இரண்டு விரலை விரித்து, இடையில் படகு தெரியும்படி வைத்து, வெயில் அந்த விரல்கள் மேல் விழுமாறு சிடியை ஆட்ட வேண்டும். மொட்டை மாடியில் பழகிப் பாருங்கள். வெயிலில் அந்த மின்னல் பல கிலோமீட்டருக்குத் தெரியும், அதை யாரும் வலைக்கொடி என்று நினைக்க மாட்டார்கள். டைவர்களுக்கென்று ஜிபிஎஸ் வைத்த ஏஐஎஸ் கருவிகளும், அதாவது நாம் இருக்கும் இடத்தைப் பக்கத்துப் படகுகளுக்கு ரேடியோவில் அனுப்புகிறவை, வந்துவிட்டன. நல்ல பொருள்தான், ஆனால் அந்த சமிக்ஞையை வாங்குகிற கருவி பக்கத்துப் படகில் இருந்தால்தான் பயன். எங்களைத் தூக்கிய பெரியவர் படகில் ஒரு கை ஜிபிஎஸ்ஸும் ஒரு செல்போனும்தான் இருந்தன.

அவர் டீசலுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை. மச்சான் அன்றைக்கு வெறுங்காலோடு ஊர் வந்தான். அவன் செருப்பு இன்னும் அந்தக் கடையில்தான் கிடக்கிறது. கூரியரில் அனுப்புகிறேன் என்று இரண்டு முறை அழைத்தார்களாம். அவன் போனை எடுக்கவில்லை.