பாத்திரம் தேய்க்கப் பீர்க்கங்கூடு

கையில் வாங்கியபோது காய்ந்த கட்டை மாதிரி இருந்தது. இதை வைத்து எதைத் தேய்ப்பது என்று சந்தேகம். தண்ணீரில் போட்டதும் உப்பி மெத்தென்று ஆகிவிட்டது. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூடுதான், வேறொன்றுமில்லை. மூன்று துண்டாக வெட்டிக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுக்கு நன்றாகவே போகிறது, கண்ணாடி டம்ளரில் கீறலும் விழவில்லை. அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சரிவராது. அதை இரவே ஊறவைத்து, அப்புறம் கம்பி நாரைத்தான் எடுக்கிறேன். முதல் துண்டைத் தொட்டி மூலையில் ஈரத்தோடு போட்டு வைத்தேன், கறுத்துப்போனது. என் தப்புதான். இரண்டாவதை ஆணியில் மாட்டிக் காயவிடுகிறேன். ஆறு வாரமாகியும் ஓரம் மட்டும்தான் பிய்ந்திருக்கிறது. அந்தக் கறுத்த துண்டையும் குப்பையில் போடவில்லை, பொடியாக நறுக்கிப் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டேன். பிளாஸ்டிக் ஸ்பாஞ்சை அப்படிப் புதைக்க முடியுமா?