ஓ.டி. (கூடுதல் நேர வேலைக் கூலி) பாக்கி: முதலாளியோடு தனியாக, ரகசியமாக முடிப்பதா? சமரச அதிகாரி முன் முடிப்பதா?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் வேலை பார்த்தேன். சம்பா நெல் வந்து இறங்கும் தை, மாசியில் தினமும் 12 மணி நேரம் நிற்போம். அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டம் 59-ஆம் பிரிவுப்படி, வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் பார்த்த வேலைக்கு இரட்டைக் கூலி. எங்களுக்கு ஒற்றைக் கூலிதான் வந்தது. இந்தப் பாக்கியை இரண்டு விதமாகவும் முடித்துப் பார்த்தவன் நான்.

2016-ல் முதலாளி வீட்டிலேயே தனியாகப் பேசி முடித்துக்கொண்டேன். அலைச்சல் இல்லை, உடனே கையில் பணம். மூன்று தவணை, யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து. முதல் தவணையோடு சரி, மற்ற இரண்டும் வரவில்லை. கூட வேலை பார்த்தவர்களிடம்கூட வாய் திறக்க முடியவில்லை.

2019-ல் ஏழு பேராகத் தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம், அதாவது இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கும் அரசு அதிகாரியிடம் போனோம். நான்கு முறை பேச்சுவார்த்தை, நான்கு நாள் கூலி போயிற்று. கேட்டதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். அப்புறம் 12(3) ஒப்பந்தம் ஆனது, அதாவது தொழில் தகராறுகள் சட்டத்தின் அந்தப் பிரிவில் சமரச அதிகாரி முன் போடும் ஒப்பந்தம்.

சரி, ஒத்துக்கொண்ட பணம் வராவிட்டால்? எனக்கு எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. அப்போதிருந்த தொழில் தகராறுகள் சட்டம் 33சி(1)-இன்படி, ஒப்பந்தப் பணம் வராவிட்டால் ஓராண்டுக்குள் அரசுக்கு மனு போடலாம் என்று இருந்தது. அரசு சான்று கொடுத்தால், கலெக்டர் அதை நிலவரி பாக்கியைப் போல வசூலிப்பார். நிலவரி பாக்கி என்றால் என்ன என்று டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டாம். தனியாகப் போட்ட ஒப்பந்தத்துக்கும் இந்த வழி இருந்தது. ஆனால் அதன் நகல் சமரச அதிகாரிக்கும், அரசு நியமித்த அலுவலருக்கும் போயிருக்க வேண்டும். ரகசியம் என்று பீரோவில் பூட்டிய தாள் எங்கே போகும்? நகல் போகாத தாளை அந்தச் சட்டம் ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த நகல் நிபந்தனை இருக்கிறது. 2019-லும் இரண்டாம் தவணை தள்ளிப்போனது. 12(3) தாளைக் கொண்டுபோய்க் காட்டினோம், மறுநாள் பணம் வந்தது.

அந்த ஒப்பந்தம் எங்கள் ஏழு பேரோடு நிற்கவும் இல்லை. தொழில் தகராறுகள் சட்டம் 18(3)-இன்படி ஆலையில் பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கும் அது பொருந்தியது.

ஒரே தவணையில் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்புகிறவர் தனியாக முடித்தால் நான் குறை சொல்ல மாட்டேன். லேபர் கோர்ட் வரை நான் போனதில்லை, அதனால் அந்த வழியை இங்கே எடை போடவில்லை. தனியாகத்தான் முடிப்பீர்கள் என்றால், அந்த இரண்டு இடத்துக்கும் நகல் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.